ஊசி முனையும் உள்ளத்து அச்சமும்

(நெய்வேலி நகரியத்தில் கூடிய நமது சங்கக் குடும்பத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

நமது சங்கக் கூட்டங்களில் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், விவாகச் செலவைப் பற்றியும், உபகாரச் சம்பளத்தைப் பற்றியும் பேசுதல் வழக்கம். இன்று அவற்றை விடுத்துத் தேக சௌக்கியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச முன்வந்துள்ளோம். அதிலும் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். நீரிழிவு உடையவர் தம் விரலைத் தாமே ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தம் எடுத்து, அதில் உள்ள சர்க்கரையின் அளவைத் தாமே பார்த்துக்கொள்ளுதலே அவ்விஷயமாகும். இதற்கும் ஒரு பிரசங்கம் வேண்டுமோ என்று கேட்பீராயின், வேண்டும் என்றே விடை கூறுவோம். ஏனெனில், வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ அன்புடன் வாங்கி அனுப்பிய குளுக்கோமீட்டரை உறை பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும் பெரியவர்கள் நம்முள் ஒருவர் இருவர் அல்லர்.

நீரிழிவு நமக்குப் புதிய வியாதி அன்று. மதுமேகம் என்னும் பெயரால் நமது பண்டை வைத்தியர்கள் இதனை அறிந்திருந்தனர். நோயாளியின் நீரில் எறும்பு மொய்த்தலைக் கண்டு நோயை நிச்சயித்தனர். அந்நாளில் அஃது அருகிக் காணப்பட்ட நோய். இந்நாளிலோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரும் ஆய்வின்படி, இத்தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர். வயது வந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இந்நோய் உண்டு. ஆகையால் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் குடும்பங்களில், நோயாளி ஒருவரேனும் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் காணவேண்டும்.

நெய்வேலியில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிக் கவலையும் உண்டு. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகல் என்று பாராமல் ஓடுகின்றன. மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி வேலை செய்வோருக்கு உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் வாரத்திற்கு வாரம் மாறுகின்றன. இத்தகைய மாற்றம் இரத்தச் சர்க்கரையை நிலைகுலையச் செய்யும் என்பது வைத்தியர்கள் நன்கு அறிந்த சங்கதி. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் பார்க்கும் பரிசோதனை, அம்மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்லுமேயன்றி, இரவு ஷிப்டில் விடியற்காலை 4 மணிக்கு நம் உடம்பில் என்ன நடந்தது என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது நம் விரல்நுனியில் உள்ள ஒரு துளியே ஆகும்.

அப்படியாயின் அத்துளியை எடுக்க நாம் அஞ்சுவது ஏன்? ஆழ்ந்து ஆராயின், இவ்வச்சம் ஒன்றன்று, மூன்று என்பது விளங்கும். முதலாவது, வலிக்கும் என்ற அச்சம். இரண்டாவது, இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றி விழுவோம் என்ற அச்சம். மூன்றாவது, யந்திரத்தில் என்ன எண் வருமோ என்ற அச்சம். மாடிவீட்டை ஒத்த சக்கர வாளி யந்திரங்களை ஓட்டியவரும், கொதிகலன் அருகே நின்று வேலை பார்த்தவரும், மயிரிழை போன்ற ஓர் ஊசியின் முன் கை நடுங்குவதைக் கண்டு பிறர் நகைத்தல் தகாது. பிறர் நம்மைக் குத்துதல் வேறு. நம்மை நாமே குத்திக்கொள்ளுதல் வேறு. தன் உடம்பைக் காயப்படுத்தாதிருத்தல் உயிர்களின் இயற்கை. அவ்வியற்கையை மீறுவதற்குச் சிறிது பழக்கம் வேண்டும் என்பதே நம் கருத்து.

இச்சிறு யந்திரம் நம் வீட்டிற்கு வந்த வரலாற்றைச் சிறிது கேளுங்கள். 1921-ஆம் ஆண்டில் கனடா தேசத்து டொரான்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைக் கண்டறியும் ஆராய்ச்சியைத் தொடங்கினர். 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. மருந்து கிடைத்தது, ஆனால் அதனை எவ்வளவு செலுத்துவது என்று அறிய அளவுகோல் கிடைக்கவில்லை. நீல நிறமான பெனடிக்ட் திரவத்தில் சிறுநீரை விட்டுக் காய்ச்சி, பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று நிறமாற்றத்தைக் கொண்டு அளவை ஊகித்தலே பல்லாண்டுகள் நடைபெற்ற முறை. நமது நாட்டில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் 1948-ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியபோதும் நிலைமை இதுவே. சிறுநீர் சொல்வது சில மணி நேரத்திற்கு முந்தைய பழங்கதை. இரத்தம் சொல்வதே அந்நேரத்துச் செய்தி. 1965-ஆம் ஆண்டளவில், ஒரு துளி இரத்தத்தை இட்டு, ஒரு நிமிஷம் கழித்து நீரால் கழுவி, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் காகிதக்கீற்று வந்தது. அதன்பின் அந்நிறத்தை அளக்கும் யந்திரம் வந்தது. எனினும் அது வைத்தியர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது, நோயாளிக்கு விற்கப்படவில்லை.

இங்கேதான் நெய்வேலிவாசிகளாகிய நாம் அறியவேண்டிய ஒருவர் வருகின்றார். அமெரிக்காவில் ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்று ஓர் என்ஜினீயர் இருந்தார். 12 வயது முதல் நீரிழிவினால் வருந்தியவர்; நடுவயது வருமுன்னரே அந்நோயின் பல கேடுகள் அவர் தேகத்தில் தலைகாட்டின. 1969-ஆம் ஆண்டில் இவ்யந்திரத்தின் விளம்பரம் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. அதன் எடை ஏறக்குறைய 3 ராத்தல், அதாவது 1 கிலோ 400 கிராம் அளவு. விலை 650 டாலர். நோயாளிக்கு விற்கமாட்டோம் என்று உற்பத்தியாளர் மறுத்தபோது, வைத்தியராகிய தம் மனைவியின் பெயரால் அதனை வாங்கினார். ஒரு நாளில் பலமுறை தம் இரத்தத்தைத் தாமே பரிசோதித்து, எவ்வுணவு எவ்வளவு ஏற்றுகின்றது, எவ்வளவு இன்சுலின் எவ்வளவு இறக்குகின்றது என்று, ஓர் ஆலையின் கணக்கை எழுதுவது போல எழுதி வந்தார். அவர் தேகநிலை திருந்திற்று. ‘இது நோயாளி செய்யும் வேலையன்று’ என்று வைத்திய உலகம் அவர் சொல்லுக்குச் செவி சாய்க்காதிருக்கவே, தமது 45-ஆம் வயதில் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து தாமே வைத்தியரானார். தொண்ணூறு வயது வாழ்ந்து 2025-ஆம் ஆண்டில் காலமானார். இன்று நாம் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் கருவி, ஒரு நோயாளி தமக்கு வேண்டும் என்று முயன்று பெற்ற உரிமையின் வழியே நம்மிடம் வந்தது என்பதை மறத்தல் கூடாது.

இனி மூன்று அச்சங்களுக்கும் மாற்று யாது என்று பார்ப்போம்.

முதலாவது வலி. விரல்நுனியின் நடுச்சதை, தொட்டு உணர்வதற்கென இறைவன் வைத்த இடம். அங்கே உணர்வு மிகுதி. ஆகையால் அங்கே குத்தாமல் நுனியின் பக்கவாட்டில் குத்துதல் வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேலைக்கு விட்டுவிட்டு, மற்ற மூன்று விரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஊசியைக் கையால் பிடித்துக் குத்த முயலாதீர்கள். பேனாவைப் போன்ற குத்துகருவியினுள் ஊசியை வைத்தால், அது கண்ணிமைக்கும் நேரத்திற்குள் குத்தி மீளும். அக்கருவியின் முனையில் ஆழத்தைக் குறிக்கும் எண்கள் உள்ளன. முதலில் மிகச் சிறிய எண்ணில் வைத்துப் பார்த்து, துளி வராவிடில் ஒவ்வொன்றாகக் கூட்டுக. ஊசியை ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றுக. சிக்கனம் கருதிப் பழைய ஊசியையே பயன்படுத்துவதால் முனை மழுங்கி வலி மிகும். வெதுவெதுப்பான நீரில் சோப்பிட்டுக் கைகழுவி, நன்றாக ஈரம் துடைத்து, கையைச் சிறிது தொங்கவிட்டால் இரத்தம் எளிதில் விரலுக்கு இறங்கும். கைகழுவுதல் தூய்மைக்கு மட்டுமன்று. மாம்பழமோ வாழைப்பழமோ உரித்த கையோடு பார்த்தால், விரலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்து யந்திரம் பொய்க்கணக்குக் காட்டும். துளி வரவில்லை என்று விரலை அழுந்தப் பிழிதலும் ஆகாது. இக்காலத்து யந்திரத்திற்கு வேண்டுவது கடுகளவினும் குறைந்த துளியே.

இரண்டாவது, இரத்தத்தைக் கண்டு மயங்குதல். இது கோழைத்தனம் அன்று, உடம்பின் செய்கை. மற்ற அச்சங்களில் இருதயம் விரைந்து அடித்து இரத்த அழுத்தம் ஏறும். இரத்தத்தைக் கண்டு அஞ்சுவோரிற் பலருக்கோ அவ்வழுத்தம் முதலில் ஏறிப் பின் சட்டென்று இறங்கும். மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் மயக்கம் வரும். இதனால், ‘உடம்பைத் தளர விடுங்கள்’ என்ற வழக்கமான புத்திமதி இவர்களுக்குப் பயன்படுவதில்லை. ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ நிபுணர் ஓஸ்ட் என்பார் 1980-களில் இதற்கு நேர்மாறான முறையை வகுத்தார். நாற்காலியில் அமர்ந்து, கை, கால், வயிறு ஆகிய தசைகளை எல்லாம் 10 முதல் 15 விநாடி வரை, முகம் சற்றுச் சூடேறும் அளவு இறுக்குக. பின்னர் 20 முதல் 30 விநாடி வரை இயல்பு நிலைக்கு விடுக. இவ்வாறு ஐந்து முறை செய்க. இதனால் இறங்கும் அழுத்தம் தாங்கப்படும். குத்தும் கையை மட்டும் இறுக்காது விடுதல் நலம். சில நாள் பழகினால் மயக்கம் விலகும். அதுவரை சாய்ந்தோ படுத்தோ பரிசோதித்துக்கொள்வதில் யாதொரு குறைவும் இல்லை.

அன்றியும், ஒரே நாளில் எல்லாம் செய்துவிட வேண்டும் என்ற நியமம் இல்லை. முதல் நாள் பெட்டியைத் திறந்து யந்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மறுநாள் ஊசி வைக்காமல் குத்துகருவியை அழுத்தி அதன் ஓசையைக் கேட்டுப் பழகுங்கள். அடுத்த நாள் அதனை விரலின் மேல் வைத்து அழுத்துங்கள். அதற்கு மறுநாள் ஊசியோடு செய்யுங்கள். நீச்சல் கற்கும் பிள்ளையைக் குளத்தின் படிக்கட்டில் படிப்படியாக இறக்குவது போன்றதே இது.

மூன்றாவது அச்சமே பெரிது. வலியைப் பொறுக்கும் பலர் எண்ணைப் பொறுப்பதில்லை. ‘பார்த்தால்தானே கவலை’ என்பாரும், ‘டாக்டரிடம் போவதற்கு முன்தினம் மட்டும் பத்தியமாக இருந்தால் போதும்’ என்பாரும் உளர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. இதற்கு உவமை தேட நாம் வெளியூர் போகவேண்டுவதில்லை. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு அவர்கள் நமது முதற் சுரங்கத்தின் பணியைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதோ 1961-ஆம் ஆண்டில். இடையில் நேர்ந்த பெரிய இடையூறுகளுள் ஒன்று, நிலக்கரிப் படுகைக்குக் கீழே மிகுந்த அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்தும் நிலத்தடி நீர். அவ்வழுத்தம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாதென்று விட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் புகும். ஆகையால் குழாய்க்கிணறுகள் தோண்டி, நீர்மட்டத்தை அளந்து, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்த பின்னரே நிலக்கரியை எடுக்கின்றனர். அளவு உயர்ந்திருந்தால் என்ஜினீயர் கருவியைக் கோபிப்பதில்லை. தம்மைப் பாவி என்று நிந்தித்துக்கொள்வதும் இல்லை. இறைக்கும் நீரைக் கூட்டுகின்றார். நம் இரத்தத்தில் காணும் எண்ணும் அத்தகையதே.

அவ்வெண்ணை எங்ஙனம் வாசிப்பது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகள் அல்லாத பெரும்பாலான வயது வந்தோருக்கு, உணவுக்கு முன் 80 முதல் 130 வரையிலும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் குறைவாகவும் இருத்தல் பொதுவான இலக்கு. முதியோருக்கும் வேறு வியாதி உடையோருக்கும் வைத்தியர் இதனைச் சற்றுத் தளர்த்துவார். நல்ல யந்திரமும் ஆஸ்பத்திரிக் கணக்கோடு நூற்றுக்கு 15 வரை வேறுபடலாம் என்று சர்வதேச நியமமே இடந்தருகின்றது. ஆதலால் 152 வந்த மறு நிமிஷம் 164 வந்தால் கலங்கவேண்டாம். ஓர் எண் ஒன்றும் சொல்லாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வேளை, உண்டது, வந்த எண் என்று நான்கு பத்தி போட்டுப் பதினைந்து நாள் எழுதினால், அது நிறையச் சொல்லும். காலையில் இட்டிலி நான்கு உண்டால் ஏறுகின்றதா, இரவு ஷிப்டில் குடிக்கும் டீயினால் ஏறுகின்றதா, மாலை நடையினால் இறங்குகின்றதா என்பவை அப்பொழுது விளங்கும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து மருந்து செய்யவேண்டும் என்று தெய்வப்புலவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறியதும் இக்கருத்தினதே.

எண் உயர்வதை மட்டுமே பேசினோம். தாழ்வதன் அபாயம் அதனினும் விரைவானது. இன்சுலின் போடுவோருக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போருக்கும், உணவு தவறினால் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கக்கூடும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, புத்தித் தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். கனரக வாகனம் ஓட்டுவோருக்கும் உயரத்தில் ஏறி வேலை பார்ப்போருக்கும் இது உயிருக்கே ஆபத்து. வேலைக்குப் புறப்படுமுன் ஒரு துளி பார்த்துச் செல்லுதல் அவருக்கு மட்டுமன்றி உடன் வேலை செய்வோருக்கும் காப்பாகும். 70-க்குக் கீழ் இருப்பின் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸோ சர்க்கரையோ நீரிற் கலந்து குடித்து, 15 நிமிஷம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் ஒன்றையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

எல்லா நீரிழிவுக்காரரும் நாள்தோறும் பலமுறை குத்திக்கொள்ளவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இன்சுலின் போடுவோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை தாழக்கூடிய மாத்திரை உண்போருக்கும் இஃது அவசியம். உணவுக் கட்டுப்பாட்டினாலும் மெட்பார்மின் போன்ற மாத்திரையினாலும் அடங்கி நிற்போருக்கு, மருந்து மாறும்போதும் காய்ச்சல் முதலியன வரும்போதும் பார்த்தாற் போதுமானதாக இருக்கலாம். எத்தனை முறை, எவ்வேளையில் என்பதைத் தத்தம் வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்க. இரவு ஷிப்டில் இருப்போர் ‘வெறும் வயிறு’ என்பது தமக்கு எந்நேரம் என்பதையும் தெளிவாகக் கேட்கவேண்டும். ஸ்டிரிப் டப்பாவை வெயில் படும் ஜன்னலிலும், அடுப்பருகிலும், நிறுத்திய காருக்குள்ளும் வைக்காதீர்கள். நமதூர்ச் சித்திரை வெயிலில் அவை கெடும். எடுத்தவுடன் மூடியை இறுக மூடுக.

இப்பிரயாசையினால் பயன் உண்டா என்பார்க்கு இரு சான்றுகள் கூறுவோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இளவயது நீரிழிவுடைய 1,441 பேரைக் கொண்டு நடந்து 1993-ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஆராய்ச்சியில், நாள்தோறும் தாமே பரிசோதித்து அதற்கேற்ப இன்சுலினை மாற்றிச் சர்க்கரையை இறுக்கமாகக் காத்தவர்களுக்கு, கண்நோய் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு உள்ள இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றி இங்கிலாந்தில் நடந்து 1998-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியிலும், சர்க்கரையை நன்கு அடக்கியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் கேடுகள் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தன. கண்ணும், சிறுநீரகமும், காலும் காக்கப்படுமாயின் விரலின் ஒரு கண நோவு பெரிதன்று.

இனிக் குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். எண் உயர்ந்த அன்று வீட்டில் நடக்கும் விசாரணையே பலரை யந்திரத்தினின்றும் விரட்டுகின்றது. ‘நேற்றுக் கலியாண வீட்டில் லட்டுத் தின்றீர்களே, பாருங்கள்’ என்று மருமகளும், ‘சொன்னால் கேட்டால்தானே’ என்று மனைவியும், ‘இத்தனை படித்தும் இப்படியா’ என்று மகனும் ஆளுக்கொரு தீர்ப்பு உரைத்தால், அடுத்த நாள் அவர் விரலை நீட்டுவாரா? எண்ணைக் கண்டால் மௌனமாக எழுதி வையுங்கள், அதுவே பேருதவி. தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கணவருக்கும் மாமியாருக்கும் வேளை தவறாது பார்த்துவிடும் நம் பெண்கள், தமக்கென்று வரும்போது ‘ஸ்டிரிப் வீணாகும்’ என்று விட்டுவிடுகின்றனர். அவர்கள் விரலிலும் ஓடுவது இரத்தமே. மேலும், பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வரன் பார்க்கும் வீட்டில் வியாதியை மறைப்பதற்காக யந்திரத்தை ஒளித்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மறைத்துச் செய்த சம்பந்தத்தில் மருந்து தவறி மயங்கி விழுந்தால், யாருக்கு நன்மை? பத்துக் கோடிப் பேருக்கு உள்ள நோயில் வெட்கத்திற்கு இடம் ஏது?

வீட்டிற்கு வந்து பரிசோதிக்கும் வசதியும் இன்று உண்டு. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், பணியாளர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து மருந்தும் கொடுக்கின்றனர். கிராமத்தில் இருக்கும் நம் உறவினருக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

முடிவாக நம் சங்கத்தாருக்கு ஒரு யோசனை கூறி அமர்கின்றோம். பல ஆண்டுகளாகத் தாமே பரிசோதித்துப் பழகிய அன்பர்கள் நம்மில் இருக்கின்றனர். அவர்கள், புதிதாக நோய் கண்டவர் வீட்டிற்கு ஒரு மாலை சென்று அருகே அமர்ந்து, முதல் துளி எடுக்கும்வரை துணையிருத்தல் வேண்டும். ஆனால் ஒருவர் ஊசியையும் குத்துகருவியையும் மற்றொருவர் தொடுதல் கூடாது. அதனால் கல்லீரலைக் கெடுக்கும் தொற்றுக்கள் பரவும். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் இட்டு மூடி வைத்து, ஆஸ்பத்திரியில் சேர்ப்பித்தல் வேண்டும். குப்பை எடுப்பவர் கையும் நம் கை போன்றதே. யார் யாருக்குத் துணை வேண்டுமோ அவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் தம் பெயரை எழுதிக் கொடுப்பார்களாக.